வாங்காத சட்டையின் விலை

ஆண்கள் அணியும் வெள்ளைச் சட்டை. முழுக்கை. கலப்பில்லாத பருத்தி. இடது பக்கம் ஒரு பை. பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரை இருக்கக் கூடாது.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை இந்தச் சட்டையைத் தேடி நடந்தே கழித்தேன். கண்டுபிடித்ததும் தொட்டுப் பார்ப்பேன், தையலை இழுத்துப் பார்ப்பேன், விலையைக் கேட்பேன், எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். வாங்க மட்டும் மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் கை அடங்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தால் என் விரல் அவர் கைமடிப்பை நோக்கிப் போகப் பார்க்கிறது. என் வீட்டுக்காரர் முறைத்ததும் கையை எடுத்துக்கொள்வேன்.

போன மாதம் யுவராணி போன் செய்தாள். புள்ளிவிவர அலுவலகத்தில் எனக்குப் பிறகு என் மேஜைக்கு வந்த பெண். இனிமேல் பாதி விலைகளைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாமாம். வெயிலில் அலைய வேண்டாமாம். பழைய கதைகளை எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடலாம் என்றாள். முக்கியமாக அந்தப் பூந்தமல்லி சட்டைக் கடைக் கதை வேண்டும், அது எந்தக் கடை என்றும் சொல்லுங்கள் என்றாள். எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் ஒருவர் வாங்கும் சம்பளத்தை டாலராக மாற்றி, இன்னொரு நாட்டுக்காரர் சம்பளத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, இவர் ஏழை, அவர் பணக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காசுக்கு அங்கே என்ன கிடைக்கும், இங்கே என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காக எல்லா நாடுகளிலும் ஒரே பொருளை, ஒரே வர்ணனையை வைத்துக்கொண்டு, விலை கேட்டு வருவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய இடத்தில் பெரிய மனிதர்கள் கணக்குப் போடுவார்கள். எந்த நாடு ஏன் செழித்தது, எது ஏன் தேங்கியது என்று புத்தகம் எழுதுவார்கள். அந்தப் புத்தகங்களின் கடைசி வேர் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் என் செருப்புக்கடியில் இருந்தது.

ஆகவே இந்த உலகத்தில் அந்த வெள்ளைச் சட்டையைத் தேடிக்கொண்டு நான் மட்டும் அலையவில்லை. இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்குத் தனிமை போய்விட்டது. நெமிலிச்சேரியில் காலை ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் தானாகச் சொருகும். எங்கேயோ ஒரு குளிர் ஊரில், முழங்கால்வரை கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் என்னுடைய அதே பட்டியலோடு ஒரு கடைக்குள் நுழைவாள். அவளுக்கு அக்கரைக்காரி என்று பெயர் வைத்தேன். அவள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சட்டையில் ஒரு அட்டை தொங்கும். விலை அதில் இருக்கும். அவள் போனாலும் அதுதான் விலை, அந்த ஊர் மேயர் போனாலும் அதுதான் விலை. அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஆனாலும் தினம் வருவாள். பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி என்று நிலையங்கள் நழுவ நழுவ அவளும் நானும் ஒரே மழையில் நனைவோம்.

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீடு நாகர்கோவில், எதிர்வீடு வேலூர். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஜன்னல், ஒரே பச்சைச் சாயம், ஒரே நாளில் சம்பளம். ஏழை, பணக்காரன் என்ற சங்கதியை நான் முதலில் பார்த்ததே காம்பவுண்டுச் சுவருக்கு வெளியில்தான். சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குழாயில் வரும்; அந்தப் பக்கம் வராது. மனிதர்கள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஒரு சுவர் எப்படி இத்தனை செய்கிறது என்று சின்ன வயதிலேயே மலைத்து நின்றிருக்கிறேன். அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் பயிற்சி என்று கொஞ்ச நாள் உட்கார வைத்தார்கள். மின்விசிறி கடகடவென்று ஓடியது மட்டும்தான் நினைவிருக்கிறது. உண்மையான பயிற்சி தணிகாசலம் சாரிடம் வந்து விழுந்த பிறகுதான்.

தணிகாசலம் சார் எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். ஒல்லியான மனிதர். வருஷம் முழுக்க வெள்ளை முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஒன்றாவது அவர் உடம்புக்குச் சரியாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை. தப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. நாம் கொடுக்கும் விலைத்தாளில் ஏதாவது உறுத்தினால், அதைத் தலைகீழாகத் திருப்பி, மேஜைமேல் வழுக்கியபடி நம் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் நாமே தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் ஒரே ஒரு கேள்வி வரும்.

"பார்த்த விலையா, கேட்ட விலையா?"

அட்டையில் எழுதியிருப்பது பார்த்த விலை. கடைக்காரர் வாயால் சொல்வது கேட்ட விலை. இரண்டுமே அவருக்கு ஒரு பொருட்டில்லை. கடைசியாக ஒருவர் பேரம் பேசி முடித்துப் பையிலிருந்து எடுத்து வைத்தாரே, அது கொடுத்த விலை. அதுதான் விலை என்பார். ஆகவே நாங்கள் கடையில் போய் இது என்ன விலை என்று கேட்கக் கூடாது. ஓரமாக நின்று, வாங்க வந்தவர் வியாபாரத்தை முடித்துப் போகும்வரை காத்திருந்து, அவர் என்ன கொடுத்தார் என்று கேட்க வேண்டும். கடையில் டீ கூடக் குடிக்கக் கூடாது. எதையும் வாங்கக் கூடாது. எந்தெந்தக் கடைக்குப் போகிறோம் என்று வெளியில் மூச்சுவிடக் கூடாது.

இதெல்லாம் எதற்கு என்று எனக்கு ஒரு பட்டுப்புடவை புரியவைத்தது. ஒருநாள் காலையில் முகூர்த்தத்துக்குப் போய்விட்டு, மாற்ற நேரமில்லாமல், அரக்குப் பட்டோடு பூந்தமல்லிக் கடைத்தெருவில் இறங்கி, காத்திருக்காமல் நேராக விலை கேட்டுவிட்டேன். தெரு முழுக்க விலை ஏறியது. கத்தரிக்காய் ஏறியது, பக்கெட் ஏறியது, பாய் ஏறியது. நாட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று பதறிப்போய்த் தாளை நீட்டினேன். சார் அதைத் திருப்பித் தள்ளி, கண்ணாடியைத் துடைத்து, என் புடவையைப் பார்த்து, நாளைக்கு மறுபடி போய்வரச் சொன்னார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: எங்கள் ஊரில் பொருளுக்கு விலை இல்லை, முகத்துக்குத்தான் விலை.

இன்னொரு தடவை ஆலிவ் எண்ணெய். பட்டியலில் இருந்தது, எந்தக் கடையிலும் இல்லை. அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை தேடி, கடைசியில் ஒரு மருந்துக்கடையில், குழந்தைக்கு உடம்பில் தடவும் சின்னப் புட்டியாகக் கண்டுபிடித்தேன். வெற்றி வீராங்கனையாகத் தாளை வைத்தேன். திரும்பி வந்தது. "இதுல இங்க யாராவது தாளிக்கிறாங்களா?" என்றார். அந்தப் புட்டியின் விலை போயிருந்தால், ஆவடியில் கடுகு தாளிப்பதற்குச் சொத்தை விற்க வேண்டும் என்று உலகம் நம்பியிருக்கும்.

முடிவெட்டுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. நான் சலூனுக்குள் நுழைந்ததும் உள்ளே எல்லாம் உறைந்துவிடும். முகமெல்லாம் நுரையோடு இருப்பவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து விழிப்பார். அதை விடுங்கள். ஒரு கூட்டத்தில் மற்ற நாட்டு விலைகளைக் காட்டினார்கள். அக்கரைக்காரியின் ஊரில் ஒரு தலைக்கு முடி வெட்டும் காசில், எங்கள் ஆவடி முடிவெட்டுகிறவர் குடும்பமே வாரக்கணக்கில் சாப்பிடலாம். அதே கத்தரி, அதே தலை, அதே நேரம். அங்கே முடி இரும்பிலா முளைக்கிறது? சாரிடம் கேட்டேன்.

"கத்தரிக்கோல்ல ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நாளைக்கு வந்து யாரும் கடையைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியும். அங்கேருந்து ஆரம்பிச்சு யோசிங்க."

அப்புறம் அவரே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். காலி செய்ய மாட்டார்கள் என்றால் கடையை நம்பிக் கடன் கிடைக்கும். யாராவது மிரட்டினால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கும். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் அற்பக் காசுக்கு முடி வெட்ட ஆள் எங்கே கிடைப்பான் என்றார். அது சரி, அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். அதுவும் உண்டு என்று உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டால் அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

இப்போது கஸ்தூரிக்கு வருகிறேன். என் பட்டியல் சட்டை கிடைத்த இடம் அவளுடையது. பூந்தமல்லி பேருந்து நிலையத்தின் சுற்றுச்சுவர் ஓரம், ஒரு பூவரச மரம், அதன் அடியில் ஒரு தையல் மிஷின், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றில் அவளே தைத்த வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காற்றில் ஊதிக்கொண்டு நிற்கும். அவளுடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல் போய் வீடுகள் வந்தபோது இவள் தையலுக்கு வந்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சட்டை வாங்குகிறவர்கள் யார் என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. பிறகு பார்த்தேன். வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகும் வழியில் சட்டையில் குழம்பு சிந்திக்கொண்டவர்கள். அங்கேயே மாற்றிக்கொண்டு, பழசைப் பையில் திணித்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விடுவார்கள். சட்டையின் கீழ் ஓரத்தில், உள்பக்கம், நீல நூலில் ஒரு சின்னத் தையல் போடுவாள் கஸ்தூரி. தன் சட்டை தனக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம்.

முதல் நாள் அவளும் என் முகத்துக்குத்தான் விலை சொன்னாள். நான் வாங்க வரவில்லை, சொல்வதை யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்றேன். பக்கத்துக் கடைக்காரனுக்கு? மாட்டேன். வரி போடுகிறவனுக்கு? மாட்டேன். போலீஸுக்கு? மாட்டேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கடைசியாகச் சட்டை வாங்கிப் போனவர் கொடுத்ததைச் சொன்னாள். துணி விலை, நூல் விலை, பொத்தான் விலைகூடச் சொன்னாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் போனேன். வேடிக்கை என்னவென்றால், மற்றக் கடை விலைகளை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் தணிகாசலம் சார், கஸ்தூரியின் சட்டை விலையை மட்டும் மாதாமாதம் திருப்பித் தள்ளுவார். பார்த்த விலையா, கேட்ட விலையா? கொடுத்த விலை சார், கடைக்கார அம்மாவே சொன்னது என்பேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். பிறகு பென்சிலால் ஒரு டிக் போட்டு வைத்துக்கொள்வார். என்மேல் இந்த மனிதருக்கு நம்பிக்கையே இல்லையோ என்று எரிச்சலாக வரும்.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். சுவரில் சிவப்புச் சாயத்தால் எண்கள் எழுதினார்கள். ரொம்ப நாளாகக் கடை வைத்திருப்பவர்களுக்குப் பின்பக்கம் புதிதாகக் கட்டும் வரிசையில் ஒரு கடை கிடைக்கும். பேப்பர் இருந்தால் காட்டலாம். இல்லையென்றால், வருஷக்கணக்காக அந்த இடத்திலேயே வாங்கி வரும் வெளியாள் ஒருவர் விசாரணை நாளில் நேரில் வந்து சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னால் செல்லாது; அவர்களும் இடம் கேட்டு நிற்பவர்கள்தானே. நியாயமான ஏற்பாடுதான். கஸ்தூரிக்கு மட்டும் அது தூக்குக் கயிறாகிவிட்டது.

அந்த மாதம் நான் போனபோது மிஷின் ஓடவில்லை. எண்ணெய் விட்டுத் துடைத்து, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"யாரையாச்சும் இட்டாரச் சொல்றாங்கக்கா," என்றாள். "எங்கிட்ட சட்ட வாங்குனவன் அல்லாரும் பஸ் ஏறிப் பூட்டான். எவன் எந்த ஊர்ல கீறானோ. மாசாமாசம் வந்துகினு கீறது நீ ஒருத்திதான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

அவளிடம் நான் ஒரு பொத்தான் கூட வாங்கியதில்லை. வாங்காததைப் பெருமையாக வேறு வைத்திருந்தேன். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லித்தான் சாட்சி சொல்ல முடியும். சொன்னால் நாங்கள் விலை எடுக்கும் கடை எது என்று சொன்னதாகிவிடும். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அக்கரைக்காரி வரவில்லை.

மறுநாள் அனுமதி கேட்டு எழுதிக்கொண்டு போய் சார் முன்னால் வைத்தேன். படித்தார். தலைகீழாகத் திருப்பினார். தள்ளினார்.

நான் உட்காரவில்லை. உலகத்துக்கெல்லாம் அவள் சட்டை விலையைச் சொல்கிறோம், அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டோமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேஜைகள் நிமிர்ந்தன.

"என்ன சொல்லி அவங்ககிட்ட விலை வாங்குனீங்க?" என்றார்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"அப்புறம்?"

"இப்ப சொல்லச் சொல்றதே அவதான் சார்."

"இன்னைக்கு நல்லதுக்குச் சொல்லுவோம். நாளைக்கு வேற யாராவது வந்து, அதே கடையைப் பத்தி வேற ஒண்ணு கேப்பாங்க. ஒரு தடவை வாயைத் திறந்தா, அப்புறம் நாம சொல்ல மாட்டோம்னு எந்தக் கடைக்காரங்க நம்புவாங்க?"

அவர் சொன்னது சரியாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. கடை காலியாகக் கூடாது என்று பாடம் சொன்னவர் நீங்கள்தானே என்று மனசுக்குள் கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விசாரணை என்றைக்கு என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வெடுக்கென்று நாளைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வாரம் முழுக்க அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

விசாரணை நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பேசிவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். வேலை போனால் போகட்டும். விசாரணை நடக்கும் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு. சுவர் எண் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு பூக்காரர்கள், பழக்காரர்கள், செருப்பு தைப்பவர்கள். கஸ்தூரி நல்ல புடவை கட்டி, மடியில் எதுவும் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் கம்பிகளுக்கு நடுவே வந்து தரையில் கோடு போட்டது. காத்திருந்து காத்திருந்து எனக்குக் கண் சொருகியது. அக்கரைக்காரி கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் ஊரில் இப்படி ஒரு பெஞ்சு உண்டா என்று கேட்டேன். எப்போதோ இருந்தது, எங்கள் பாட்டன் காலத்தில் அதில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தோம் என்றாள். இல்லை, நானே அவள் வாயில் அப்படிப் போட்டேன். அப்போது உள்ளேயிருந்து கஸ்தூரியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் களைத்துப்போயிருந்தார். ஆனாலும் மரியாதையாகப் பேசினார். வெளியாள் யாராவது உண்டா என்று கேட்டார். கஸ்தூரி திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"நான் இருக்கேன்," என்று எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தணிகாசலம் சார். வேட்டி. அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒயர் கூடை. என்னைத் தெரிந்தவராகவே காட்டிக்கொள்ளாமல், கொஞ்சம் வழி விடும்மா என்று சொல்லி உள்ளே போனார்.

நீங்கள் யார் என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இவங்ககிட்ட சட்டை வாங்குறவன்."

கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுசு, அரைப்பழசு, கழுத்து நைந்தது, அக்குளில் மஞ்சளானது, கடைசியில் கை வெட்டி வண்டி துடைக்கும் துணியாகிப்போன ஒன்று. ஒவ்வொன்றின் கீழ் ஓரத்தையும் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றிலும் நீல நூல். பழசில் அந்த நீலம் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு ஆகியிருந்தது. கஸ்தூரி கை வெட்டிய அந்தத் துணியை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். இது தன்னுடைய முதல் மிஷினில் தைத்தது, அந்த மிஷின் தையலைக் கொஞ்சம் இழுத்துவிடும் என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். பூவரச மரம் சிறிசாக இருந்த காலத்திலிருந்து அதே இடத்தில்தான் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சார். ஒருவருக்கு எதற்கு இத்தனை ஒரே மாதிரி சட்டை என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, எனக்கு வேறு எதுவும் நன்றாக இருக்காது என்றார். அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

கொடுத்த விலைதான் விலை என்றவர், சொந்தக் காசில் கொடுத்தே பார்த்திருக்கிறார். யாரோ ஒரு பயணி மாதிரி வந்து, வாங்கி, போட்டுக்கொண்டு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அந்தச் சட்டை நுனியில் அவர் கண்ணாடி துடைப்பதைத் தினமும் பார்த்தேன், உள்பக்கத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தவர் என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். லீவுதானே, வீட்டுக்குப் போங்க என்றார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். சந்தோஷம்தான், ஒரு வாரம் திட்டியதும் அதில் கலந்திருந்தது.

கஸ்தூரிக்குக் கடை கிடைத்தது. வாசலுக்கு மேல் ஓர் எண். அவள் பெயரில் மின்சாரம். எண் வந்த பிறகு வங்கியில் உட்காரச் சொல்லிக் கடன் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மிஷின் வந்தது, தைக்க இரண்டு பெண்கள் வந்தார்கள், பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் வந்தது. அவள் கை அதே கைதான். பெரிய புத்தகக்காரர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, நான் கண்ணால் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அங்கே போனேன். வெளியே மெட்ரோ தூண்கள் மேகத்தைத் தாங்குவதுபோல் நின்றன. கடையில் சட்டைகள் வரிசையாகத் தொங்க, ஒவ்வொன்றிலும் விலை எழுதிய அட்டை. அக்கரைக்காரி போகும் கடைக்குள் நுழைந்துவிட்டவள் மாதிரி நான் அட்டைகளைத் தொட்டுத் தொட்டு நடந்தேன்.

"இன்னாக்கா, இன்னும் வெல எழுதிகினு கீறியா?" என்றாள் கஸ்தூரி.

இன்று வாங்க வந்திருக்கிறேன் என்றேன். யாருக்கு என்று சொன்னதும், அளவு சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடுத்து மடித்துக் கையில் வைத்து, காசு வேண்டாம் என்றாள். வற்புறுத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த சாரு எப்பனாச்சும்தான் வருவாரு, எந்த ஊருன்னுகூட அப்ப எனுக்குத் தெரியாது. பேரமே பேச மாட்டாருக்கா. கேட்டத குட்த்துட்டு பூடுவாரு. அதனால அவருக்கு மட்டும் எப்பவும் கொஞ்சம் சேத்துத்தான் சொல்லுவேன். அவரு சாச்சி சொல்ல வந்து நின்னப்ப எனுக்கு எப்டி இருந்திச்சுன்னு உனுக்குத் தெரியாது. இத்த சும்மா எட்த்துகினு போ."

சும்மா கொண்டுபோனால் அவர் தொடவே மாட்டார் என்று சொல்லி, அட்டையில் இருந்ததை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

தணிகாசலம் சார் இப்போது ஐயப்பன்தாங்கலில் மகன் வீட்டில் இருக்கிறார். பஸ் டிப்போவின் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். நடை குறைந்துவிட்டது; கண்ணாடி தடித்துவிட்டது. சட்டையைக் கொடுத்தேன். பிரித்தார். முதலில் கீழ் ஓரத்தைத் திருப்பி, நூலைப் பார்த்தார்.

"பார்த்த விலையா, கேட்ட விலையா?"

"கொடுத்த விலை சார்."

குலுங்கிச் சிரித்தார். கஸ்தூரி சொன்னதை மெதுவாகச் சொன்னேன். மனசு நோகுமோ என்று பயம்தான்.

"தெரியுமே," என்றார். "நான் கொடுத்தது எப்பவும் கூட. உங்க தாள்ல எப்பவும் கொறச்சல். அதான் மாசாமாசம் கேட்டேன். கேட்டுட்டு உங்க விலையைத்தான் வச்சுக்கிட்டேன்."

"உங்க விலை கொடுத்த விலையாச்சே சார்?"

"காசு கொடுத்தும் எனக்குக் கிடைக்காத விலை, சும்மா கேட்ட உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க. அந்தம்மா நம்புச்சு."

அன்றைக்கு என்னை ஏன் பேசவிடவில்லை என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போலப் பொருந்தவில்லை. கைமடிப்பை நான்தான் சரிசெய்து விட்டேன்.

யுவராணி, கதையை எழுதிவிட்டேன். எந்தக் கடை என்று மட்டும் கேட்காதே. கஸ்தூரி என்பது அவள் பெயர் இல்லை. சுவரும் அந்தச் சுவர் இல்லை, மரமும் பூவரசு இல்லை. நூலின் நிறமும் நீலம் இல்லை.